வேன் வருவதற்குள் பதினான்கு கையெழுத்து

வளர்மதி பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவரானதற்கு அவளிடம் இருந்த ஒரே தகுதி, அன்றைக்கு அவள் நின்றுகொண்டிருந்தது. கோரைக்கொல்லை நடுநிலைப் பள்ளியில் குழுத் தேர்தல். மகளின் சாதிச் சான்றிதழ் நகலைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று வந்தவளுக்கு பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், அவர் பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் நல்லசாமி விதியைப் படித்தார். உட்கார்ந்திருந்த ஆண்கள் பெண்களைப் பார்த்தார்கள். உட்கார்ந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்தவள் மாட்டிக்கொண்டாள். குமரவேல் முன்மொழிந்தான். சத்துணவுச் சமையலர் கஸ்தூரியம்மாள் கதவோரம் நின்று வழிமொழிந்தாள். அவளுக்கு வழிமொழிகிற உரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அவள் நின்றிருக்க மாட்டாள், அடுப்பில் சாம்பார் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடம். இதைவிட அதிகச் செலவில், இதைவிட மோசமான தேர்தல்களை நாடு பார்த்திருக்கிறது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது வடக்குத்து. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, பதிலுக்கு வீட்டுக்கு ஒரு பர்மனன்ட் வேலை வந்தது. அது அண்ணன் ராஜ்மோகனுக்குப் போனது. ஏன் அண்ணனுக்கு என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, மழை ஏன் மேலிருந்து பெய்கிறது என்று கேட்காததைப் போல. அண்ணன் சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனான். வளர்மதி கோரைக்கொல்லைக்கு வாழ்க்கைப்பட்டு, சில வருடம் கழித்து அதே டவுன்ஷிப்பில் தெருக் கூட்டும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனாள். அண்ணன் குடியிருக்கும் தெருவும் அவள் கணக்கில்தான் வந்தது. அண்ணி நல்லவள், பத்து மணிக்குக் காபி கொடுப்பாள், பின்வாசலில். முன்வாசலில் குடித்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார் என்று வளர்மதி தனக்குள் ஒரு காரணம் வைத்திருந்தாள். அண்ணியும் அதே காரணத்தைத்தான் வைத்திருப்பாள் என்று நம்பினாள். நம்பிக்கைக்குக் கூலி கிடையாது, பிடித்தமும் கிடையாது.

பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் எண்பத்தொன்று வாங்கியவள் அவள். அந்த எண்பத்தொன்றை இருபது வருடமாக எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாள். குழுத் தலைவர் என்று பள்ளிச் சுவரில் பச்சை பெயின்ட்டில் "ஜெ. வளர்மதி" என்று எழுதியபோது அது தெரிந்துவிட்டது. கணவன் ஜெயப்பிரகாஷ் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், சாது. அவனுக்கு ஆட்சேபம் இல்லை. சோறு வடிக்கிற நேரத்துக்குள் தலைமைப் பொறுப்பு முடிந்துவிட்டால் சரி.

இனி நல்லசாமி. கோபி பக்கத்துக்காரர். மனைவிக்கு டவுன்ஷிப்பில் வேலை என்பதால் மாற்றல் வாங்கி வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. பேச்சில் மட்டும் இன்னும் ஊருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறவர். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள பள்ளியில் கொள்கை என்பது ஆடம்பரம்தான். ஆனாலும் வைத்திருந்தார். பாடப் புத்தகம் குடியுரிமையைப் பதினெட்டு வயதுக்குமேல் வருகிற வியாதியைப் போல எழுதியிருக்கிறது, அது தப்பு, பிள்ளை வகுப்புக்குள் வந்து உட்காருகிறபோதே குடிமகள்தான் என்பார். அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் ஒரு சபை. ஐந்து முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஒரு மர நாற்காலி, அதில் சபைத் தலைவர். எட்டாம் வகுப்புக்கு வந்ததும் வளர்மதியின் மகள் பவித்ரா அதில் உட்கார்ந்தாள்.

சபையில் என்ன பேசுவார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். சத்துணவில் ஒருநாள் நான்கு முட்டை குறைந்துவிட்டது, அன்றைக்கு மதியமே சபை கூடியது. யார் விட்டுக்கொடுப்பது? பெரிய பிள்ளைகள் என்றது ஒரு கட்சி. வாரம் முழுக்க வராமல் முட்டைக்கு மட்டும் வருகிறவர்கள் என்றது இன்னொரு கட்சி. வராததற்குக் காரணம் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டது, அதற்குத் தண்டனை முட்டையா என்று ஒரு குரல். ஒரு மணி நேரம் வாதம். கடைசியில் நான்கு முட்டையைப் பாதிப் பாதியாக எப்படி அறுப்பது என்பதுவரை தீர்மானம் எழுதி, இரண்டு முறை உரக்கப் படித்து, கை தூக்கினார்கள். கஸ்தூரியம்மாள் கத்தியோடு காத்திருந்தாள். சோறு ஆறிப்போனதைப் பற்றி அவள் சொன்னது சபைக் குறிப்பில் ஏறவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் இருந்தது, பெற்றவர்களுக்கு வேன் இருந்தது.

மேலாண்மைக் குழுவில் வளர்மதியைத் தவிரப் பெற்றோர் பதினான்கு பேர். பதினான்கு பேரும் கான்ட்ராக்ட். சிலருக்கு ஆறு மணி ஷிப்ட், சிலருக்கு இரண்டு மணி, சிலருக்கு கான்ட்ராக்டர் கூப்பிடுகிற மணி. மாதம் ஒரு கூட்டம் நடக்க வேண்டும், பாதிப் பேருக்கு மேல் வர வேண்டும், தீர்மானம் போட வேண்டும் என்பது விதி. முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவதுக்கு வளர்மதி மட்டும் வந்தாள், அரைநாள் கூலியை விட்டுவிட்டு. நல்லசாமியும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பிஸ்கட் தின்றார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வேறு எந்த ஊரிலும் வந்திருக்காது. கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால் கூட்டம் ஆளிடம் போகட்டும். காலை ஐந்தேகாலுக்குக் கோரைக்கொல்லை முக்கில் பாதிக் குழு நின்றுகொண்டிருக்கும், கான்ட்ராக்டர் வேனுக்காக. இரண்டு மணி ஷிப்ட்காரர்கள் பக்கத்துத் தெரு, கதவைத் தட்டினால் போதும். தீர்மானப் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் விதி நிறைவேறிவிடும், கூலியும் போகாது. நல்லசாமி அதைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். கீழிருந்து வருகிற ஜனநாயகம் என்றால் இதுதான் என்றார். அவர் நெகிழாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் மாதம் வளர்மதி முக்கில் விளக்குக் கம்பத்தின் கீழே நின்று தீர்மானத்தை உரக்கப் படித்தாள். பவித்ராவும் கூட வந்தாள், தூக்கக் கண்ணோடு. வேனில் ஏறுகிற வளர்மதியிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பிறகு பள்ளிக்கு எடுத்துப் போக ஓர் ஆள் வேண்டுமே. இரண்டாவது பத்தியைப் படிக்கும்போது தூரத்தில் வேன் வெளிச்சம் தெரிந்தது.

"தலைவரம்மா, நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள வண்டி பூடும். வண்டி பூட்டா ஒருநாள் கூலி பூடும்," என்றான் குமரவேல். கன்வேயர் பெல்ட் பழுது பார்க்கிறவன், எதையும் நின்று கேட்டுப் பழக்கமில்லாதவன். "எங்க போடணும், அத்தச் சொல்லு."

"என்னா ஏதுன்னு கேக்காமலா போடுவீங்கண்ணா?"

"உன்ன உக்கார வெச்சதே எங்களுக்கோசரம் நீ கேட்டுக்குவன்னுதான?"

எல்லோரும் சிரித்தார்கள், வளர்மதியும் சிரித்தாள். சிரிப்பில் ஒரு பெருமையும் இருந்தது. பதினான்கு பேருக்கும் பதிலாகக் கேட்டுக்கொள்கிறவள். எண்பத்தொன்று மார்க் வீண்போகவில்லை.

அடுத்த மாதம் முழுசாகப் படிக்காமல் சுருக்கிச் சொன்னாள். அதற்கடுத்த மாதம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு நல்லசாமிக்கு ஒரு வேலை மிச்சமானது. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதில் பிழை வந்து, அடித்துத் திருத்தி, மறுபடி முக்குக்கு அனுப்புவதைவிட, கையெழுத்து வாங்கி வந்த பக்கத்தில் நிதானமாக எழுதிக்கொண்டால் புத்தகம் சுத்தமாக இருக்கும். "நீங்க கையெழுத்த வாங்கியாந்துருங்கம்மா. மேக்கொண்டு நானு பாத்துக்கறேன்," என்றார். அதன்பின் மூன்று மாதத்துக்கு மூன்று பக்கம், ஒரே விடியலில்.

இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் அந்த வெற்றுப் பக்கங்கள் செய்த காரியத்தையும் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு வந்தது. குடிதண்ணீர் தொட்டிக்கு மூடி வந்தது. மூன்றாம் வகுப்பில் ஒழுகின கூரை ஒழுகாமல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பதினைந்து கையெழுத்து இருந்தது, ஒவ்வொன்றையும் நல்லசாமி யோக்கியமாகத்தான் எழுதினார். முழுசாகப் படித்துப் போட்ட தீர்மானத்தால் கோரைக்கொல்லைக்கு அதுவரை எதுவும் வந்ததில்லை. பாதி ஊர் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ வீடு கட்டிக்கொண்டு போய்விட்ட பிறகு, மிச்சம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்புவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? பவித்ரா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள், இந்த மாதம் உங்கள் சபையில் என்ன தீர்மானம் என்று. நல்லதுதான் போட்டிருக்கோம், நீ சாப்டு என்றாள் வளர்மதி. அது பொய் இல்லை. அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு அவளுடைய போனுக்கு நல்லசாமியிடமிருந்து அழைப்பு வந்தது. போன் டூல்ஸ் அறையில் சாப்பாட்டுப் பையில் இருந்தது. வேலை நேரத்தில் கையில் வைத்திருந்தால் சூப்பர்வைசர் பிடுங்கிக்கொள்வார். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. இரண்டரைக்குப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டாள். "ஒண்ணுமில்லைங்கம்மா, முடிஞ்சிருச்சுங்க," என்றார் அவர். தண்ணீர்த் தொட்டி விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் பள்ளி வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாணவர் எண்ணிக்கை குறைவு. வரும் ஜூன் முதல் கோரைக்கொல்லைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர் தள்ளி மந்தாரக்குப்பம் பக்கத்தில் உள்ள பள்ளியோடு இணைக்கப்படும். அந்த ஐந்து கிலோமீட்டரில் மூன்று, சாம்பலும் கரியும் ஏற்றிய லாரிகள் ஓடுகிற சாலை. பெரியவர்களே சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற இடம். அதில் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் உண்டு, ஆனால் பெண் பிள்ளையை அனுப்ப முதலில் மனம் வர வேண்டும், பிறகு ஆட்டோ வர வேண்டும். இரண்டும் வராத வீடுகளில் படிப்பு எட்டாம் வகுப்போடு, ஆறாம் வகுப்போடு நிற்கும். பவித்ராவுக்கு எட்டு முடிகிறது. அடுத்து அவள் எப்படியும் வெளியூர் போக வேண்டியவள்தான், அதற்கு ஜெயப்பிரகாஷ் அரைமனதாகச் சம்மதித்திருந்தான். மற்ற நாற்பது பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளி இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் லாரிச் சாலை.

குமரவேலும் இன்னும் நான்கு பேரும் கூலியை விட்டுவிட்டு கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். அங்கே இருந்தவர் பொறுமையாக ஒரு கோப்பை எடுத்து நகலைக் காட்டினார். "பெற்றோர் ஒருமனதாக விவாதித்து, மாணவர் நலன் கருதி இணைப்புக்கு ஒப்புதல் அளிக்கின்றனர்." கீழே பதினைந்து கையெழுத்து. முதலில் வளர்மதியின் குண்டுக் கையெழுத்து. ஆறாவதாகக் குமரவேலுடையது, முக்கில் வேன் ஹாரன் அடிக்கும்போது போட்டது, கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே ஓடியிருந்தது. தன் கையெழுத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் நின்றானாம்.

ஊருக்குத் திரும்பும்போது அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. வளர்மதிக்குப் பர்மனன்ட் ஆகப்போகிறது. அண்ணன் மூலமாகப் பேசி முடித்திருக்கிறார்கள். குவார்ட்டர்ஸ்கூடப் பார்த்தாகிவிட்டது, எந்த பிளாக் என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கருத்து இருந்தது. தங்கைக்கு முன்வாசலில் காபி கொடுக்காத வீடு பர்மனன்ட் வாங்கித் தரும் என்று நம்புவதற்கு ஒரு தாராள மனம் வேண்டும். ஊருக்கு அது இருந்தது. குமரவேல் அவள் வீட்டு வாசலில் நின்று கேட்டது மட்டும் நேரடியாக இருந்தது.

"எங்கிட்டப் படிச்சிக் காட்டுனியா நீ? ஒரு வார்த்த?"

வேன் போய்விடும் என்று நீங்கள்தானே அண்ணா சொன்னீர்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம்.  அவன் பிள்ளை திலகவதி ஆறாம் வகுப்பு, அப்பனின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அன்று சாயங்காலம் வளர்மதி பள்ளிக்குப் போனாள். நல்லசாமி தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து நிற்க முயன்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"எழுதுனது நான்தானுங்கம்மா."

மேலிருந்து போன் வந்தது என்றார். ஐம்பது பிள்ளைகளுக்குக் கீழே உள்ள பள்ளிகளின் பட்டியல், சாயங்காலத்துக்குள் குழுத் தீர்மானத்தோடு வேண்டும், வெறும் கருத்துருதான், முடிவு இல்லை என்றார்களாம். புத்தகத்தைத் திறந்தால் கையெழுத்தோடு ஒரு பக்கம் தயாராக இருந்தது. எழுதாவிட்டால் எழுத மறுத்ததற்கு விளக்கம் எழுத வேண்டும். ஓய்வுக்குப் பதினேழு மாதம். இணைக்கப்போகிற பள்ளியில் ஆய்வகம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாராம். மனிதன் ஒரு காரியம் செய்தபின் அதற்குக் காரணங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும், யாரும் கூப்பிடத் தேவையில்லை.

"போன் பண்ணுனனுங்க. நீங்க எடுக்கல."

"எடுத்திருந்தா என்னா சார் சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "தெரியலைங்க," என்றார். இருபது வருடத்தில் அவர் சொன்ன பாடங்களில் இது ஒன்றுதான் முழுக்க அனுபவத்திலிருந்து வந்தது.

தான் எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கையெழுத்தான வெற்றுப் பக்கத்தில் தானே எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் தீர்மானம் செல்லாமல் போகும், பள்ளி நிற்கும். அவள் எதுவும் சொல்ல வேண்டாம், அவருக்குப் போவது பென்ஷன், அவளுக்குப் போவது பேர் என்றார். வளர்மதி இரண்டு நாள் கூட்டிய தெருவையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் ஊர் அவளை விலைக்குப் போனவள் என்று நினைக்கும். வாயைத் திறந்தால் பதினான்கு பேரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கின முட்டாள் என்று அவளே சொன்னதாகும். முட்டாள் என்று பேர் எடுத்தாலாவது பள்ளி நிற்கும் என்று தோன்றியது. அவர் கடிதத்தின்மேல் வரப்போகிற விசாரணையில் தானும் உண்மையைச் சொல்வதாக முடிவு செய்தாள்.

விசாரணை பள்ளியிலேயே நடந்தது. அன்றைக்குக் கோரைக்கொல்லையில் யாரும் வேலைக்குப் போகவில்லை. பதினான்கு பேரும் வந்தார்கள், அவர்களுடைய பெண்டாட்டிகளும் புருஷன்களும் வந்தார்கள், வாசல்வரை கூட்டம். குழு தோன்றிய நாள்முதல் விதிப்படி முழுசாகக் கூடிய கூட்டம் அது ஒன்றுதான். வந்த அதிகாரி மரியாதையான மனிதர். டீயைக்கூட மறுத்துவிட்டார், நடுநிலைமை கெடக்கூடாது என்று. நல்லசாமி எழுதிக் கொடுத்த கடிதம் அவர் மேஜைமேல் இருந்தது.

"இது உங்க கையெழுத்துதானாம்மா?"

"ஆமாங்க."

"யாராவது மிரட்டி வாங்குனாங்களா?"

"இல்லைங்க. நான்தான் மத்தவங்ககிட்ட வாங்குனேன். அப்ப அதுல எழுத்து இல்லைங்க."

அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்ப இருக்கேம்மா."

கூட்டத்தில் முணுமுணுப்பு. வளர்மதி புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நாலு முட்டைக்கு எங்க புள்ளைங்க ஒரு மணி நேரம் பேசுதுங்க. ரெண்டு வாட்டி படிச்சிட்டுத்தான் கை தூக்குதுங்க. எங்களுக்கு ஸ்கூலே போவுது, அதுக்கு வேன் நிக்கிற ரெண்டு நிமிஷந்தான் இருந்திச்சு. நேரம் பர்மனன்ட்காரங்ககிட்டதான் இருக்குங்க. அது எங்களுக்கும் இருந்திருந்தா நான் ஏன் வெத்துத் தாள எடுத்துகினு முக்குல நிக்கப்போறேன்? எங்க தப்புதான். ஆனா இன்னிக்கு எல்லாரும் வந்திருக்காங்க. இப்பக் கேளுங்க."

அவர் கேட்டார். அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பள்ளி வேண்டும் என்றார்கள், லாரியைச் சொன்னார்கள், கஸ்தூரியம்மாள் எட்டாம் வகுப்போடு நின்றுபோன தன் மகளின் கதையைச் சொன்னாள். இணைப்பு வேண்டாம் என்று புதிய தீர்மானம் எழுதி, இரண்டு முறை உரக்கப் படித்து, எல்லோரும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டேகால் மணி நேரம். அதிகாரி அதை வாங்கிக் கோப்பில் வைத்து, இதையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் பட்டியல் பிப்ரவரியிலேயே இணையத்தில் ஏறிவிட்டது, இரண்டாவது தீர்மானத்தை ஏற்றுவதற்கு அதில் இடம் இல்லை. இடம் வைக்காதவர் யார் என்று கேட்டால், அப்படி ஒருவர் இல்லை.

பத்து நாளில் இரண்டு உத்தரவுகள் வந்தன. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் பெற்று ஆவணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகத் தலைமையாசிரியர் தற்காலிகப் பணிநீக்கம். கையெழுத்துகள் உண்மையானவை எனத் தலைவர் ஒப்புக்கொண்டதால் குழுத் தீர்மானம் செல்லும். ஒரே தாள்தான். நல்லசாமிக்கு அது முறைகேடு, பள்ளிக்கு அது சம்மதம். அரசாங்கக் காகிதத்துக்கு இப்படி இரண்டு பிறவி எடுக்கிற சாமர்த்தியம் உண்டு. நல்லசாமி பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார். அவருடைய கடிதத்தால் பள்ளி பிழைக்கவில்லை. அவர் மட்டும் அகப்பட்டார். வளர்மதி சொன்ன உண்மையால் அவளுக்கு என்ன ஆயிற்று என்றால், விலைக்குப் போனவள் என்ற பேச்சு நின்றுபோனது. முக்கில் அவள் வந்தால் மற்றவர்கள் வேன் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை. பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போக லாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஆள் குறைவு என்று வளர்மதி அரைநாள் விடுப்பில் வந்திருந்தாள். மிச்சமிருந்த ஒரே ஆசிரியை பதிவேடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பாடவேளை மணியை யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பவித்ரா மர நாற்காலியில் இருந்தாள். வளர்மதி வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே வாங்க என்றாள். அம்மா என்று சொல்லவில்லை. சபை நடக்கும்போது சொல்லக் கூடாதாம்.

கேட்டது திலகவதி, குமரவேலின் மகள். எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்னா எழுதியிருக்குன்னு தெரியாம எங்கப்பா எதுக்குங்க கையெழுத்துப் போட்டாரு?"

வட்டத்தில் இருந்த எல்லோரும் வளர்மதியைப் பார்த்தார்கள்.   எங்கே போடணும் அத்தச் சொல்லு என்று அந்த அப்பா சொன்னதை இந்தப் பிள்ளையிடம் சொல்வதா? அது உண்மை. அவள் மேல் இருக்கும் பாரத்தில் பாதியை இறக்கி வைக்கிற உண்மை.

"நான் கேட்டேன், அதனால போட்டாரு," என்றாள். "படிச்சிக் காட்ட வேண்டியது நான். காட்டல."

திலகவதி உட்கார்ந்துவிட்டாள். அடுத்து யார் என்று பவித்ரா கேட்க வேண்டும். கேட்கவில்லை.  நாற்காலியிலிருந்து இறங்கி, வட்டத்தின் நடுவே நடந்து வந்து, வளர்மதியின் பக்கத்தில் நின்றாள். ஒட்டி நிற்கவில்லை, ஒரு முழம் தள்ளி, முகத்தை மற்றவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு.

"அந்தப் பைய முக்குலேர்ந்து வூட்டுக்கும், வூட்லேர்ந்து ஸ்கூலுக்கும் தூக்கிகினு வந்தது நான்," என்றாள். "ஒருவாட்டிகூடத் தொறந்து பாக்கல. என்னையும் கேளுங்க."

 நாற்காலியில் யாரும் இல்லாததால் அடுத்த கேள்விக்கு அனுமதி கொடுக்க ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாதி தூக்கின கையைத் தலையைச் சொறிவது போல இறக்கிக்கொண்டது. வளர்மதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பவித்ரா திரும்பாமலே, "நீங்க இருங்க, அவங்க கேக்கட்டும்," என்றாள்.

வெளியே லாரி வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஆசிரியை எட்டிப் பார்த்து, பெஞ்சைத் தூக்குங்கப்பா, வண்டி நிக்காதாம் என்றார். பிள்ளைகள் எழுந்தார்கள். அம்மாவும் மகளும் மட்டும் கேள்விக்காக அங்கேயே நின்றார்கள், அவர்களைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன.